கூரியர் ஏபிஐ இன்டக்ரேஷன்: கீயை பூட்டி வச்சதுக்கு அப்புறமும் இருந்த வேலைகள்

ஆர்டர் மேனேஜ்மென்ட் சிஸ்டம் ஒண்ணுல கூரியர் கம்பெனி ஏபிஐயை, அதாவது அவங்க சாஃப்ட்வேர்கிட்ட நம்ம சாஃப்ட்வேர் பேசுற வழியை, சேர்க்குற வேலை என் கைக்கு வந்துச்சு. கேக்க சின்ன வேலைதான், ஆர்டர் பேக் ஆனதும் அவங்க ஏபிஐக்கு ஒரு கால் போட்டு ஷிப்மென்ட் கிரியேட் பண்ணணும், அவங்க தர்ற லேபிள் பிடிஎஃப்பை எடுத்து நம்ம ஸ்டோரேஜ்ல வைக்கணும், அப்புறம் பார்சல் எங்க இருக்குன்னு அவங்க வெப்ஹூக்ல (ஏதாவது மாறினா அவங்க சர்வரே நம்ம யூஆர்எல்லுக்கு போடுற மெசேஜ்) அனுப்ப அனுப்ப நம்ம டேட்டாபேஸ்ல ஸ்டேட்டஸை மாத்தணும். முன்னாடி ஒருத்தர் பாதி எழுதி வச்சுட்டு வேற டீமுக்கு போயிட்டார், சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட்ஜேஎஸ், வர்ற ரிக்வெஸ்ட்டை வாங்குற எக்ஸ்பிரஸ், வெளிய ரிக்வெஸ்ட் அனுப்புற ஆக்ஸியோஸ்னு வழக்கமான செட்டப். மிச்சத்தை முடிச்சு லைவ் விடுறதுக்கு முன்னாடி செக்யூரிட்டி பக்கத்தை முழுசா உக்காந்து பாத்துடறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். அதுல என்னென்ன பாத்தேன், எதை ஏன் மாத்துனேன்னு கீழ எழுதியிருக்கேன். கூரியருக்கு பதிலா பேமென்ட், எஸ்எம்எஸ், மேப் எதுவா இருந்தாலும் முக்காவாசி அப்படியே பொருந்தும்.

வெளி ஏபிஐயை கூப்பிட அவங்க பாஸ்வேர்டு மாதிரி ஒரு ரகசியக் கீ குடுப்பாங்க. பாதுகாப்புன்னு எடுத்தாலே "கீயை கோட்ல போடாதீங்க"ங்கறதோட பேச்சு முடிஞ்சுடுது. அது பாதிதான். மீதி பாதி, அவங்க சர்வர்ல இருந்து நமக்கு வர்ற டேட்டா. யூசர் ஃபார்ம்ல டைப் பண்றதை செக் பண்ணாம டேட்டாபேஸ்ல போட மாட்டோம், ஆனா பார்ட்னர் ஏபிஐல இருந்து வந்துச்சுன்னா அப்படியே உள்ள எடுத்துக்குவோம், காண்ட்ராக்ட் இருக்கு, டாக்குமென்ட் இருக்கு, பெரிய கம்பெனின்னு ஒரு நம்பிக்கை. வெப் பாதுகாப்புக்கு வழிகாட்டுற ஓவாஸ்ப் அமைப்பு 2023ல விட்ட ஏபிஐ செக்யூரிட்டி டாப் 10 லிஸ்ட்ல பத்தாவதா இதைத்தான் புதுசா சேர்த்தாங்க, அடுத்தவங்க ஏபிஐயை கண்ணை மூடி நம்பி எடுத்துக்கறது. 2019 லிஸ்ட்ல இது கிடையாது. அந்த கம்பெனிக்காரங்க கெட்டவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல, அவங்க சர்வரை யாராவது உடைக்கலாம், இல்ல அவங்களோட கஸ்டமர் ஒருத்தர் அட்ரஸ் கட்டத்துல ஸ்கிரிப்ட் டேகை எழுதி வச்சு அது அவங்க வழியா நம்ம அட்மின் ஸ்கிரீன்ல வந்து ஓடலாம். அதனால வேலை பூரா நான் பிடிச்சுக்கிட்ட ரூல் ஒண்ணுதான்: அங்க இருந்து வர்ற ஒவ்வொரு பைட்டையும் முகம் தெரியாத ஆள் அனுப்புனதாத்தான் நம்ம கோட் நடத்தணும்.

முதல்ல கோடை தொடாம ஒரு பேப்பர்ல எந்த டேட்டா எங்க இருந்து எங்க போகுதுன்னு அம்புக்குறி போட்டு வரைஞ்சேன். வரைஞ்சதுமே ஒண்ணு தெரிஞ்சுது, பழைய கோட் ஆர்டர் ஆப்ஜெக்ட்டை மொத்தமா தூக்கி அவங்களுக்கு அனுப்பிட்டு இருந்துச்சு, அதுல கஸ்டமரோட இமெயில், என்னென்ன பொருள் வாங்கினாங்க, உள்ளுக்குள்ள எழுதி வச்ச நோட்ஸ் எல்லாமே போகுது. பார்சல் கொண்டு போய் குடுக்குறதுக்கு பேரு, அட்ரஸ், போன் நம்பர், எடை, அளவு போதும். தேவையான ஃபீல்டுகளை மட்டும் ஒண்ணொண்ணா பேர் சொல்லி எடுத்து புது ஆப்ஜெக்ட் கட்டுற மாதிரி மாத்துனேன், இனிமே ஆர்டர் டேபிள்ல யாராவது புது ஃபீல்டு சேர்த்தாலும் அது தானா வெளிய போகாது. நம்ம அனுப்பாத டேட்டா அவங்ககிட்ட இருந்து லீக் ஆகவே முடியாது, மத்த எந்த பாதுகாப்புக்கும் இந்த அளவு கேரண்டி கிடையாது, அதனால இதை முதல்ல பண்ணுங்க.

அடுத்து கீ. ரிப்போ (கோடையும் அதோட பழைய மாற்றங்களையும் கிட் டூல் வச்சிருக்குற இடம்) மேல, ரகசியங்களை தேடுற கிட்லீக்ஸ் டூலை ஓட்டுனேன், இப்போ இருக்குற ஃபைல்கள்ல ஒண்ணும் இல்ல, ஆனா பழைய கமிட் (சேவ் பண்ண மாற்றம்) ஒண்ணுல டெஸ்ட் கீ இருந்துச்சு, அதுக்கு அடுத்த கமிட்ல எடுத்திருக்காங்க. இந்த இடத்துல நிறைய பேர் நினைக்கிறது, எடுத்தாச்சே சரியாப்போச்சுன்னு. கிட்ல எடுத்தது போகாது, ஹிஸ்டரில அப்படியே இருக்கும், ரிப்போவை குளோன் பண்ண எல்லார் மெஷின்லயும் இருக்கும். ஹிஸ்டரியை திருத்தி எழுதுற டூல் இருக்கு, ஆனா அது ரெண்டாவது வேலை, முதல் வேலை அந்த கீயை அவங்க டாஷ்போர்டுல கேன்சல் பண்ணி புதுசு வாங்குறது. பிரைவேட் ரிப்போதானேன்னும் விட்டுடக்கூடாது. 2016ல ஊபருக்கு நடந்தது அப்படித்தான், பிரைவேட் கிட்ஹப் ரிப்போவுக்குள்ள புகுந்தவங்க அங்க இருந்த அமேசான் கிளவுட் கீயை வச்சு உள்ள போய் 5 கோடியே 70 லட்சம் பேரோட டேட்டாவை எடுத்தாங்க, வெளிய தெரிஞ்சது 2017 நவம்பர்ல. கிட்ஹப் 2024ல இருந்து பப்ளிக் ரிப்போக்களுக்கு கீ மாதிரி இருக்குறதை புஷ் பண்ண விடாம தடுக்குறதை தானாவே ஆன் பண்ணி வச்சிருக்கு, நல்ல விஷயம், ஆனா அது தெரிஞ்ச ஃபார்மேட்ல இருக்குற கீயைத்தான் கண்டுபிடிக்கும், சின்ன கம்பெனி குடுக்குற வெறும் 32 எழுத்து ஹெக்ஸ் கீயெல்லாம் அதுக்கு எல்லா நேரமும் தெரியாது. அதனால கமிட் பண்றதுக்கு முன்னாடியே லோக்கல்ல கிட்லீக்ஸ் ஓடுற மாதிரி ஹூக் போட்டு, இந்த கூரியர் கீயோட பேட்டர்னையும் ரூலா எழுதி வச்சேன்.

லைவ் கீயை, ரகசியங்களை தனியா பூட்டி வைக்கிற சீக்ரெட் மேனேஜர்ல வச்சு சர்வீஸ் ஸ்டார்ட் ஆகும்போது எடுத்துக்கற மாதிரி பண்ணேன். ப்ராசஸ் ஸ்டார்ட் ஆகும்போது வெளிய இருந்து குடுக்குற என்விரான்மென்ட் வேரியபிள்ல வைக்கிறது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது சைல்ட் ப்ராசஸ் எல்லாத்துக்கும் போகும், க்ராஷ் ரிப்போர்ட்ல மொத்தமா கொட்டிடற டூல்களும் இருக்கு, அதனால வேற வழி இருந்தா வேற வழியில போங்க. ஃபிரன்ட்எண்ட் பண்றவங்களுக்கு ஒரு விஷயம், வீட் (Vite) பில்டு டூல்ல "வீட்_"னு ஆரம்பிக்கிற வேரியபிளோ நெக்ஸ்ட் (Next.js) ஃபிரேம்வொர்க்ல "நெக்ஸ்ட்_பப்ளிக்_"னு ஆரம்பிக்கிறதோ பில்டு ஆகும்போது பிரவுசருக்கு போற ஃபைலுக்குள்ளயே எழுதப்பட்டுடும், டாட் என்வ் ஃபைல்ல இருக்குறதால அது ரகசியம் ஆகிடாது, யார் வேணா டெவ் டூல்ஸ் திறந்து படிக்கலாம். ரகசியக் கீ வேணும்னா அந்த கால் நம்ம சர்வர் வழியாத்தான் போகணும், இதுக்கு குறுக்கு வழி கிடையாது.

இந்த கூரியர்காரங்ககிட்ட இருக்குற பெரிய குறை, ஒரே ஒரு மாஸ்டர் கீதான், எது எதுக்கு பர்மிஷன்னு பிரிச்சு குடுக்குற வசதி இல்ல. டிராக்கிங் மட்டும் பாக்குற கோட்ல இருக்குற கீயை வச்சு ஷிப்மென்டையே கேன்சல் பண்ணலாம். கேட்டேன், இப்போதைக்கு இல்லன்னுட்டாங்க. அதனால நம்ம பக்கத்துலயே ஒரு சின்ன சர்வீஸை தனியா பிரிச்சு, கீ அதுக்கு மட்டும்தான் தெரியும், மத்த சர்வீஸ் எல்லாம் அதுகிட்ட "கிரியேட் பண்ணு", "ஸ்டேட்டஸ் சொல்லு"ன்னு மட்டும் கேக்கலாம்னு வச்சேன். அந்த சர்வீஸ்ல இருந்து வெளிய போற நெட்வொர்க் கனெக்‌ஷனும் கூரியரோட ஹோஸ்ட்டுக்கு மட்டும்தான் அனுமதி. கொஞ்சம் கூட வேலைதான், ஆனா பின்னால வர்ற பல பிரச்சனைக்கு இந்த ஒரு முடிவு கை குடுத்துச்சு.

டெஸ்ட் சர்வரை கூப்பிட்டுப் பாத்தப்போ முதல் தடங்கல். பிரவுசர்ல அந்த அட்ரஸ் பூட்டு ஐகானோட ஒழுங்கா திறக்குது, நோட்ஜேஎஸ்ல மட்டும் "அனேபிள் டு வெரிஃபை த ஃபர்ஸ்ட் சர்ட்டிஃபிகேட்"னு எரர். பழைய கோட்ல இதுக்கு பண்ணியிருந்த வைத்தியம், எதிர்ல இருக்குறது உண்மையான சர்வர்தானான்னு பாக்குற சர்ட்டிஃபிகேட் செக்கையே ஆஃப் பண்றது, நோட்_டிஎல்எஸ்_ரிஜெக்ட்_அனாதரைஸ்டுங்கற வேரியபிளை 0னு வச்சு. இதை பண்ணா அந்த ஒரு கூரியர் கனெக்‌ஷனுக்கு மட்டும் இல்ல, அந்த ப்ராசஸ்ல டீஃபால்ட் செட்டிங்கோட போற எல்லா ஹெச்டிடிபிஎஸ் கனெக்‌ஷனுக்கும் செக் போயிடும், நடுவுல யாராவது போலி சர்ட்டிஃபிகேட்டோட உக்காந்தா கீயை தட்டுல வச்சு குடுத்த மாதிரி. டெஸ்ட்டுக்கு மட்டும்னு சொல்லுவாங்க, ஆனா அந்த வரி சர்வீஸை பேக் பண்ற டாக்கர் ஃபைல்ல இருந்துச்சு, அப்படியே லைவுக்கும் போயிருக்கும். உண்மையான காரணம் என்னன்னு ஓப்பன்எஸ்எஸ்எல்லோட எஸ்_கிளையன்ட் கமாண்டை ஷோசர்ட்ஸ் ஆப்ஷனோட ஓட்டிப் பாத்தேன், அவங்க சர்வர் தன்னோட சர்ட்டிஃபிகேட்டை மட்டும் அனுப்புது, அதை கையெழுத்து போட்ட நடுவுல இருக்குற இன்டர்மீடியட்டை அனுப்பல. பிரவுசர்கள் விட்டுப்போன இன்டர்மீடியட்டை தானா தேடி எடுத்துக்கும், இல்ல ஏற்கனவே சேத்து வச்சிருக்கும், நோட் அப்படி எடுக்காது. அவங்களுக்கு அந்த அவுட்புட்டோட மெயில் போட்டேன், அவங்க சரி பண்ற வரைக்கும் அந்த இன்டர்மீடியட்டை சர்ட்டிஃபிகேட் ஆதாரிட்டியோட சொந்த சைட்ல இருந்து எடுத்து நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_சர்ட்ஸ் வழியா குடுத்தேன், செக் ஆன்லயே இருக்கு, கனெக்‌ஷனும் போகுது.

ஆக்ஸியோஸோட டீஃபால்ட்டுகளை ஒருதடவை எல்லாரும் பாத்துடுங்க. டைம்அவுட் டீஃபால்ட் 0, அதாவது எவ்வளவு நேரம் வேணா காத்துட்டே இருக்கும். ரெஸ்பான்ஸ் சைஸுக்கும் லிமிட் கிடையாது. அவங்க சர்வர் திணறி பதில் சொல்லாம கனெக்‌ஷனை பிடிச்சு வச்சுக்கிட்டா நம்ம சர்வீஸும் சேந்து படுத்துடும், அவங்களோட பிரச்சனை நம்ம அவுட்டேஜா மாறும். டைம்அவுட்டும் சைஸ் லிமிட்டும் வச்சேன், லேபிள் டவுன்லோடுக்கு மட்டும் கொஞ்சம் பெருசா. ரீடைரக்ட் விஷயம் இன்னும் முக்கியம். அவங்க சர்வர் வேற ஹோஸ்ட்டுக்கு போன்னு ரீடைரக்ட் பண்ணா ஆக்ஸியோஸ் உள்ள இருக்குற லைப்ரரி ஆதரைசேஷன் ஹெடரை கழட்டிட்டுத்தான் போகும், அதுவரைக்கும் நல்லது, ஆனா இந்த கம்பெனி கீயை கேக்குறது எக்ஸ்-ஏபிஐ-கீன்னு அவங்களா வச்ச ஹெடர்ல. அது ரகசியம்னு எந்த லைப்ரரிக்கும் தெரியாது, ரீடைரக்ட் எங்க போகுதோ அங்க கீயும் கூடவே போகும். நான் லோக்கல்ல ரெண்டு குட்டி சர்வர் ஓட்டி, ஒண்ணுல இருந்து வேற ஹோஸ்ட் பேர்ல இன்னொண்ணுக்கு 302 (ரீடைரக்ட்) குடுத்து பாத்தேன், ரெண்டாவது சர்வரோட லாக்ல கீ முழுசா விழுந்துச்சு. ஏபிஐக்கு ரீடைரக்ட் வர வேண்டிய அவசியமே இல்ல, அதனால மேக்ஸ்ரீடைரக்ட்ஸை 0 ஆக்கிட்டேன், 3ல ஆரம்பிக்கிற ஸ்டேட்டஸ் எது வந்தாலும் எரர்தான், அலர்ட்தான்.

ரீட்ரை பத்தி சுருக்கமா. ஷிப்மென்ட் கிரியேட் கால் டைம்அவுட் ஆச்சுன்னா அங்க கிரியேட் ஆகலன்னு அர்த்தம் இல்ல, பதில் வந்து சேரலன்னுதான் அர்த்தம். அப்படியே திரும்ப அனுப்புனா ஒரே ஆர்டருக்கு ரெண்டு லேபிள், ரெண்டு சார்ஜ். நம்ம ஆர்டர் ஐடில இருந்து உருவாக்குன ஒரு ரெஃபரன்ஸை கூட அனுப்பிட்டு, டைம்அவுட் ஆனா முதல்ல அந்த ரெஃபரன்ஸை வச்சு "இருக்கா"ன்னு கேட்டுட்டு அப்புறம்தான் திரும்ப கிரியேட். 429 (அளவுக்கு மீறி கேட்டுட்டீங்கன்னு அர்த்தம்) வந்தா அவங்க ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர்ல சொல்ற நேரத்துக்கு காத்திருக்கணும், அது செகண்டுலயும் வரலாம், தேதி நேரமாவும் வரலாம், ரெண்டையும் படிக்கணும். மத்தபடி ஒவ்வொரு தடவையும் இடைவெளியை கூட்டி, கொஞ்சம் ரேண்டமாவும் கலந்து விடணும், இல்லன்னா நம்ம எல்லா வொர்க்கரும் ஒரே நொடியில போய் முட்டும்.

இப்போ வர்ற டேட்டா பக்கம். ஒவ்வொரு ரெஸ்பான்ஸுக்கும் டேட்டாவை செக் பண்ற ஸாட் லைப்ரரியை வச்சு ஸ்கீமா எழுதுனேன், எந்த ஃபீல்டு, என்ன டைப், எவ்வளவு நீளம் வரைக்கும், ஸ்டேட்டஸ்னா எந்தெந்த வார்த்தை மட்டும். ஸ்கீமால இல்லாத ஃபீல்டை ஸாட் தானா கழட்டிடும், நமக்கு வேண்டியதும் அதுதான், ஏன்னா பழைய கோட் வந்த ஆப்ஜெக்ட்டை நம்ம ரெக்கார்டோட அப்படியே மெர்ஜ் பண்ணிட்டு இருந்துச்சு, நாளைக்கு அவங்க ரெஸ்பான்ஸ்ல "பெய்டு: ட்ரூ"ன்னு ஒரு ஃபீல்டு வந்தா நம்ம ஆர்டரே பணம் கட்டினதா மாறிடும். ஸ்கீமா எழுதும்போதுதான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு, ஷிப்மென்ட் ஐடியை அவங்க 18 இலக்க எண்ணா அனுப்புறாங்க, மேற்கோள் குறி இல்லாம. ஜாவாஸ்கிரிப்ட்ல 9007199254740991க்கு மேல போற முழு எண்ணை சாதாரண நம்பரா துல்லியமா வச்சுக்க முடியாது, 9007199254740993னு வந்தா பார்ஸ் ஆகும்போது 9007199254740992 ஆகிடும், எரர் எதுவும் வராது. பக்கத்து பக்கத்து ஐடி ரெண்டு ஒரே நம்பரா ஆகிட்டா ஒருத்தரோட பார்சல் விவரம், அட்ரஸோட, இன்னொருத்தர் ஸ்கிரீன்ல தெரியும். இதை வெறும் பக்னு நான் பாக்கல, இது டேட்டா லீக். ஆக்ஸியோஸ் தானா பார்ஸ் பண்றதை நிறுத்திட்டு பெரிய எண்ணை ஸ்ட்ரிங்காவே எடுக்குற பார்சரை போட்டேன், டேட்டாபேஸ்ல அந்த ஃபீல்டும் டெக்ஸ்ட்தான்.

லேபிள் பிடிஎஃப் விஷயத்துக்கு கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்டேன். அவங்க ரெஸ்பான்ஸ்ல லேபிளோட யூஆர்எல் வரும், நம்ம சர்வர் அதை போய் எடுக்கும். அதாவது நம்ம சர்வர் எந்த அட்ரஸுக்கு போகணும்னு வெளியாள் முடிவு பண்றாங்க. அந்த யூஆர்எல் 169.254.169.254ன்னு வந்தா? பெரிய கிளவுட்கள்ல அது மெஷினோட மெட்டாடேட்டா அட்ரஸ், அங்க இருந்து தற்காலிக கிரெடென்ஷியல் எல்லாம் எடுக்கலாம். 2019ல கேப்பிடல் ஒன்ல அமெரிக்காவுல 10 கோடி பேர், கனடாவுல 60 லட்சம் பேரோட விவரம் போனது இப்படி சர்வரையே ஏமாத்தி உள்ள இருக்குற அட்ரஸை கூப்பிட வச்சதாலதான், அந்த வருஷம் நவம்பர்லயே அமேசான் மெட்டாடேட்டாவுக்கு டோக்கன் கேக்குற ரெண்டாவது வெர்ஷனை விட்டாங்க. தடுக்க வேண்டிய ஐபிகளை லிஸ்ட் போட்டு பிளாக் பண்றதுல எனக்கு நம்பிக்கை இல்ல, 127.0.0.1ஐ 2130706433னு ஒரே எண்ணாவும் எழுதலாம், ஐபிவி6க்குள்ள பொதிஞ்சும் எழுதலாம், செக் பண்ணும்போது ஒரு ஐபியும் டவுன்லோடு பண்ணும்போது வேற ஐபியும் தர்ற மாதிரி டிஎன்எஸ்ஸை வச்சும் விளையாடலாம். அனுமதிக்கிற ஹோஸ்ட் எதுன்னு லிஸ்ட் போடுறதுதான் நேரான வழி. லேபிள் எந்த ஹோஸ்ட்ல இருந்து வரும்னு அவங்ககிட்ட எழுத்துல வாங்கி, யூஆர்எல்லை பார்ஸ் பண்ணி, ஹெச்டிடிபிஎஸ்ஸா, ஹோஸ்ட்நேம் அட்சரம் பிசகாம அதேதானான்னு பாக்குறேன். பேர் அதுல முடியுதான்னு மட்டும் பாத்தா முன்னாடி நாலு எழுத்து சேர்த்து யார் வேணா டொமைன் வாங்கலாம், ஸ்ட்ரிங் உள்ள இருக்கான்னு தேடுனா அட் (@) குறிக்கு முன்னாடி நல்ல பேரையும் பின்னாடி திருட்டு ஹோஸ்ட்டையும் வச்சு அனுப்பலாம். இந்த டவுன்லோடுக்கு ஏபிஐ கீ அனுப்புறது இல்ல, ரீடைரக்ட் இல்ல, வந்த ஃபைல் பிடிஎஃப்போட தொடக்க பைட்டுகளோட இருக்கான்னு பாத்து, ஃபைல் பேரை நம்மளே வச்சு சேவ் பண்றோம், அவங்க சொல்ற ஃபைல் பேரை பாத்ல சேர்க்கவே கூடாது.

வெப்ஹூக்தான் இந்த வேலையோட மையம். அந்த யூஆர்எல் இன்டர்நெட்ல திறந்து கிடக்கு, யார் வேணா அதுக்கு போஸ்ட் பண்ணி "டெலிவர் ஆயிடுச்சு"ன்னு சொல்லலாம். அதுக்குத்தான் சிக்னேச்சர், பாடியை (மெசேஜோட உள்ளடக்கம்) ரெண்டு பக்கத்துக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியத்தோட சேத்து ஹெச்மேக் ஷா-256ங்கற கணக்கை போட்டு 64 ஹெக்ஸ் எழுத்தா ஒரு ஹெடர்ல அனுப்புவாங்க, நம்மளும் அதே கணக்கு போட்டு ஒத்துப்போகுதான்னு பாக்கணும். பழைய கோட்ல அந்த செக் இருந்துச்சு, ஆனா ஒத்துப்போகலன்னா வார்னிங் லாக் எழுதிட்டு ஈவென்ட்டை ஏத்துக்கற மாதிரி விட்டிருந்தாங்க, மேல "டெம்பரரி, சிலது ஃபெயில் ஆகுது"ன்னு கமென்ட். ஃபெயில் ஆனாலும் உள்ள விடுற செக் இருக்குறதும் இல்லாததும் ஒண்ணுதான், அதனால ஏன் சிலது மட்டும் ஃபெயில் ஆகுதுன்னு கண்டுபிடிக்காம மேல போகக்கூடாதுன்னு முடிவு பண்ணேன்.

ஃபெயில் ஆன ஈவென்ட்டையும் பாஸ் ஆனதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன். பாஸ் ஆனதுல பேர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. ஃபெயில் ஆனதுல ஒண்ணு கஸ்டமர் பேர் தமிழ்ல இருந்துச்சு, இல்ல டெலிவரி ப்ரூஃப் லிங்க் இருந்துச்சு. ரகசியம் தப்பா இருந்தா எல்லாமே ஃபெயில் ஆகணும், அதனால பிரச்சனை பாடியில. கோட் என்ன பண்ணுதுன்னா, எக்ஸ்பிரஸ் ஜேசனை (டேட்டாவை டெக்ஸ்ட்டா எழுதுற ஃபார்மேட்) பார்ஸ் பண்ணி குடுத்த ஆப்ஜெக்ட்டை திரும்ப டெக்ஸ்ட்டா ஸ்ட்ரிங்கிஃபை பண்ணி அதுக்கு ஹெச்மேக் போடுது. வந்த கன்டென்ட்-லெங்த்தையும் திரும்ப உருவாக்குன ஸ்ட்ரிங்கோட பைட் நீளத்தையும் பிரிண்ட் பண்ணேன், தமிழ்ப் பேர் இருந்ததுல வந்தது பெருசு, நம்மளோடது சிறுசு. அப்புறம் பார்ஸ் பண்ணாத மூல பைட்டுகளை ஹெக்ஸ் டம்ப்பா பாத்ததும் விளங்கிடுச்சு. அவங்க "த"ங்கற எழுத்தை த-வாவே அனுப்பல, பேக்ஸ்லாஷ், யு, அப்புறம் 0பிஏ4ன்னு ஹெக்ஸ், ஆக ஆறு பைட்டா அனுப்புறாங்க. நம்ம நோட் அதை திரும்ப எழுதும்போது நேரடி யூடிஎஃப்-8ல எழுதுது, அது மூணு பைட். லிங்க்லயும் ஒவ்வொரு ஸ்லாஷுக்கு முன்னாடியும் ஒரு பேக்ஸ்லாஷ் இருந்துச்சு. பிஹெச்பியோட ஜேசன் என்கோட் ஃபங்ஷன் டீஃபால்ட்டா எழுதுற விதம் இதுதான், ஸ்பேஸ் எதுவும் விடாது, யூனிகோடை எஸ்கேப் பண்ணும், ஸ்லாஷையும் எஸ்கேப் பண்ணும். ரெண்டு பக்கமும் அர்த்தம் ஒண்ணுதான், ரெண்டுமே சரியான ஜேசன்தான், ஆனா ஹெச்மேக்குக்கு அர்த்தம் தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். இங்கிலீஷ் பேரோட மட்டும் டெஸ்ட் பண்ணி விட்டிருந்தா இது கண்ணுலயே படாது, டெஸ்ட் டேட்டாவுல தமிழ்ப் பேரையும் சேர்த்து வைக்கணும்னு நான் எப்பவும் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி பண்றது சுலபம். அந்த ஒரு ரூட்டுக்கு மட்டும் எக்ஸ்பிரஸ் ஜேசன் பார்சருக்கு பதிலா ரா பார்சரை வச்சு, மூல பஃபருக்கு ஹெச்மேக் போட்டு, ஒத்துப்போனதுக்கு அப்புறம்தான் ஜேசன் பார்ஸ். முன்னாடியே ஆப் முழுசுக்கும் ஜேசன் பார்சர் போட்டிருந்தா இந்த ரூட் அதுக்கு மேல வரணும், வரிசை முக்கியம், இல்லன்னா பஃபர் கைக்கு வர்றதுக்குள்ள பார்ஸ் ஆகியிருக்கும். ஒப்பிடுறதுக்கு சாதாரண மூணு ஈக்குவல் வேண்டாம், க்ரிப்டோ மாட்யூல்ல இருக்குற டைமிங்சேஃப்ஈக்குவல் போடுங்க, எத்தனை எழுத்து ஒத்துப்போச்சுங்கறது பதில் வர்ற நேரத்துல கசியாது. அந்த ஃபங்ஷன் ரெண்டு பஃபரும் ஒரே நீளம் இல்லன்னா எரர் வீசும், அதனால நீளத்தை முதல்ல பாத்து, ஒத்துப்போகலன்னா நேரா 401 (அனுமதி இல்லன்னு பதில்). ஹெடரே இல்லாம வந்தாலும் 401. வார்னிங் எழுதிட்டு விடுற கிளையை மொத்தமா அழிச்சேன்.

சிக்னேச்சர் சரியா இருந்தாலே ஈவென்ட் புதுசுன்னு ஆகாது, ஒருதடவை பிடிச்சதை யாராவது பின்னால திரும்ப அனுப்பலாம். பேமென்ட் கம்பெனி ஸ்ட்ரைப் மாதிரி இடங்கள்ல நேரத்தையும் சேத்து கையெழுத்து போடுறாங்க, அவங்க லைப்ரரி டீஃபால்ட்டா 5 நிமிஷத்துக்கு மேல பழசா இருந்தா தள்ளிடும். இங்க அந்த வசதி இல்ல, கேட்டிருக்கோம். அதுவரைக்கும் ஒரே ஈவென்ட் ஐடியை ரெண்டாவது தடவை ஏத்துக்காத டேபிள்ல முதல்ல இன்சர்ட், அது ஏத்துக்கலன்னா பாத்த ஈவென்ட், 200 சொல்லிட்டு விட்டுடலாம். வரிசை மாறியும் வரும், "டெலிவர்டு" வந்ததுக்கு அப்புறம் "வழியில இருக்கு" வரும். அதனால வெப்ஹூக்ல இருக்குற ஸ்டேட்டஸை நான் நம்புறதையே விட்டுட்டேன், வெப்ஹூக் வந்தா "இந்த ஷிப்மென்ட்ல ஏதோ மாறியிருக்கு"ன்னு மட்டும் எடுத்துக்கிட்டு க்யூல போட்டு உடனே 200 சொல்லிடுறோம், வொர்க்கர் போய் அவங்க ஏபிஐலயே இப்போதைய ஸ்டேட்டஸை கேட்டு எழுதுது. ஒரு கால் கூடுதலா போகுது, ஆனா போலி ஈவென்ட் எப்படியோ உள்ள வந்துட்டாலும் அதால பண்ண முடிஞ்சது ஒரு வீண் ஸ்டேட்டஸ் செக் மட்டும்தான். இந்த டிசைனை முடிஞ்ச இடத்துல எல்லாம் வைங்க.

லாக். ஆக்ஸியோஸ் எரர் ஆப்ஜெக்ட்டுக்குள்ள அனுப்புன ரிக்வெஸ்ட்டோட கான்ஃபிக் முழுசா இருக்கும், ஹெடரோட. கேட்ச்ல பிடிச்ச எரரை அப்படியே லாகருக்கு குடுத்தா ஒவ்வொரு ஃபெயிலியருக்கும் கீ ஒரு தடவை லாக் சர்வர்ல எழுதப்படும், அதை சப்போர்ட் டீம்ல இருந்து வெளி மானிட்டரிங் சர்வீஸ் வரைக்கும் யார் யாரோ பாப்பாங்க. எரர்ல இருந்து ஸ்டேட்டஸ் கோட், மெசேஜ், நம்ம ரிக்வெஸ்ட் ஐடி மட்டும் எடுத்து எழுதுற ஒரு ஃபங்ஷன் வழியா எல்லாத்தையும் விட்டேன், லாக் எழுதுற பீனோ லைப்ரரிலயும் ஹெடர் பேர்களை ரிடாக்ட் லிஸ்ட்ல போட்டேன். பழைய லாகை தேடிப் பாத்ததுல டெஸ்ட் கீ நிறைய இடத்துல இருந்துச்சு, அது ஏற்கனவே கேன்சல் ஆன கீதான்.

கூரியர்காரங்க அவங்க ஏபிஐயை கூப்பிட ரெடிமேடா எழுதி வச்ச ஒரு எஸ்டிகே பேக்கேஜ் குடுக்குறாங்க, நான் எடுத்துக்கல. நமக்கு வேண்டியது மூணு கால், அதுக்கு அது இழுத்துட்டு வர்ற பேக்கேஜ் பட்டியல் நீளம். 2018ல ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜுக்குள்ள பிட்காயின் வாலட் திருடுற கோட் வந்ததும், 2025 செப்டம்பர்ல சாக், டீபக் மாதிரி எல்லாரும் உபயோகிக்கிற பேக்கேஜ்களை பராமரிக்கிறவரையே போலி மெயில்ல ஏமாத்தி கெட்ட வெர்ஷன் விட்டதும் ஞாபகம் வச்சுக்கோங்க. இருக்குற பேக்கேஜ்களுக்கு வெர்ஷனை நிலையா குறிச்சு வைக்கிற லாக்ஃபைல், பில்டுல அதை அப்படியே பின்பற்றுற என்பிஎம் சிஐ கமாண்ட், இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் ஆஃப்.

கடைசியா கீயை மாத்திப் பாக்குறது. 2023 ஜனவரில, கோடை தானா பில்டு பண்ணி டெஸ்ட் பண்ணித் தர்ற சர்க்கிள்சிஐ கம்பெனி தன்னோட கஸ்டமர்கள் எல்லாரையும் அங்க வச்சிருக்குற ரகசியங்களை உடனே மாத்த சொல்லுச்சு, அந்த மாதிரி ஒரு ராத்திரி வந்தா முதல்முதலா அன்னிக்குத்தான் எப்படி மாத்துறதுன்னு தேடக்கூடாது. அதனால லைவ் விடுறதுக்கு முன்னாடியே முழுசா ஒத்திகை பாத்தோம். புது கீ உருவாக்கி சீக்ரெட் மேனேஜர்ல போட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணோம், ஆனா பழசை உடனே கேன்சல் பண்ணல, அவங்க டாஷ்போர்டுல கடைசியா உபயோகிச்ச நேரம்னு ஒரு கட்டம் இருக்கு, அதை பாத்துட்டே இருந்தோம். பழைய கீ உபயோகம் நிக்கவே இல்ல. தேடிப் போனா ரிப்போர்ட் எடுக்குற வேற ஒரு மெஷின்ல குறிச்ச நேரத்துக்கு தானா ஓடுற கிரான் ஜாப் ஒண்ணு அந்த கீயை தனியா ஒரு ஃபைல்ல வச்சு ஓட்டிட்டு இருந்துச்சு, எங்க டயாகிராம்ல அந்த அம்புக்குறியே இல்ல. அதையும் நடு சர்வீஸ் வழியா போக வச்சு, டயாகிராம்லயும் சேர்த்து, பழைய கீ நேரம் நகராம நின்னதுக்கு அப்புறம் கேன்சல் பண்ணி, பழைய கீயோட ஒரு கால் போட்டு 401 வருதான்னு பாத்தோம். வெப்ஹூக் ரகசியத்துக்கு, மாத்துற நேரத்துல மட்டும் பழசு புதுசு ரெண்டுல எதோட ஒத்துப்போனாலும் ஏத்துக்கற மாதிரி கோட், அப்புறம் பழசை எடுத்துடணும். எல்லா ஸ்டெப்பும் ரன்புக்ல (செய்ய வேண்டியதை வரிசையா எழுதி வச்ச குறிப்பு) இருக்கு, அடுத்த ஒத்திகையை டீம்ல இந்த கோடை தொடாத ஒருத்தர் அந்த ரன்புக்கை மட்டும் வச்சு பண்ணப்போறாங்க, நான் பக்கத்துல உக்காந்து அவங்க எங்க நிக்கிறாங்கன்னு குறிச்சுக்கணும்.